இரண்டாம் கட்டிலின் அலமாரி

குருவுக்கு முப்பத்து நான்கு வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. அதனால் மாடியேறி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சீடருக்குத்தான் வணக்கம் வைத்தார்கள்.

சீடர் ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார். பிறகு வணக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே அனுப்பிவைக்கப் பழகிவிட்டார்.

குருவின் பெயர் எஸ்தர் பொன்மணி. பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடையின் மாடியில், ஆஸ்பத்திரிகளுக்கு மானிட்டர் செய்துகொடுத்துக்கொண்டிருந்தார். நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிட்டால் போதும். நாடித்துடிப்பைப் பெட்டி பார்த்துக்கொண்டே இருக்கும். துடிப்பு அந்த நோயாளிக்கென்று வைத்த எல்லைக்குக் கீழே இறங்கினால் கத்தும். ஒரு வார்டு முழுவதற்கும் ஒரே பெட்டி என்பதுதான் அதன் பெருமை.

சீடரின் பெயர் வைகுண்டம். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருந்தவர். ஒருநாள் காலை அவருடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. அப்படித்தான் வேலை போன செய்தி அவருக்குத் தெரிந்தது. ஊருக்கு வந்து பல இடங்களில் ஏறி இறங்கினார். தலைநரையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பொன்மணி காபி கொடுக்கவில்லை. ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"என்னை எதுக்கு எடுக்கீங்க மேடம்? நான் கோட் எழுதி வருசக்கணக்காச்சு."

"பிறகு சொல்லுதேன். உக்காருங்க சார்."

பிறகு சொல்லவே இல்லை. வைகுண்டத்துக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. பாவம் பார்த்து எடுத்திருப்பார்களோ என்று நினைக்கும்போதெல்லாம் சாப்பாடு இறங்காது. வேலைக்காக இருக்கிறோமா, இரக்கத்துக்காக இருக்கிறோமா என்பது மட்டும் தெரிந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

அந்த மாடியில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் சின்ன வயசு. "அக்கா சொன்னா சரி" என்பது அவர்கள் வாயில் மூச்சு மாதிரி வரும். வைகுண்டம் ஒருவர்தான் எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பார்.

"எங்க கம்பெனியில இப்படிச் செய்ய மாட்டோம்."

அவர் எங்கள் கம்பெனி என்றால் அது இந்தக் கம்பெனி இல்லை என்பது டயர் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். பொன்மணி ஒவ்வொரு தடவையும் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்பார். எரிச்சலை அடக்கிக்கொள்கிறார் என்று வைகுண்டம் நினைத்தார். முணுமுணுப்பை விடவும் முடியவில்லை.

இந்த முறை பெட்டிக்குள் இருக்கும் கணக்குப் பகுதி முழுவதையும் அவர்தான் எழுதினார். அது இந்த மாடியை விட்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி தனக்கு உரியதுதான் என்று அவர் நம்பிவிடலாம்.

பெட்டிக்குள் கட்டிலுக்கு ஒரு த்ரெட். அந்த ஒரு கட்டிலை மட்டும் கவனிக்கும் வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக ஓர் அலமாரி உண்டு. தன் நோயாளிக்கு என்ன எல்லை, ஏதாவது தவறு நடந்தால் அந்தத் தவறின் எண் என்ன, எல்லாம் அதற்குள்தான் இருக்கும். எல்லா த்ரெட்டுகளும் ஓட்டுவது ஒரே நிரல். உன் அலமாரியைத் திற என்ற ஒரே கட்டளைதான் எல்லோருக்கும். ஆனால் ஆளுக்கு ஓர் அலமாரி திறக்கும். யாருக்கு எது என்பதை பிராசசருக்குள் ஒரு ரிஜிஸ்டர் ஞாபகம் வைத்திருக்கிறது.

அந்த ரிஜிஸ்டரை மாற்ற ஒரு சிஸ்டம் கால், அதாவது மேலிடத்துக்கு மனுப் போடும் கட்டளை, இருக்கிறது. இந்த வகை பிராசசருக்கென்றே உள்ளது. அதன் நிஜப் பெயர் வாயில் நுழையாது என்பதால் மாடியில் எல்லோரும் இடமாத்து என்பார்கள். இனிமேல் என் அலமாரி அதோ அங்கே என்று ஒரு த்ரெட், பெட்டியை ஆளும் அடிப்படை நிரலான கர்னலிடம் சொன்னால், கர்னல் சரி என்று மாற்றிவிடும்.

வைகுண்டம் முதன்முதலில் அதைப் படித்தபோது குருவிடம் கேட்டார்.

"தப்பான இடத்தச் சொன்னா கர்னல் தடுக்காதா மேடம்?"

"முகவரி மாதிரி இருந்தாப் போதும். தடுக்காது."

"அங்க என்ன இருக்குன்னு எட்டிக்கூடப் பாக்காதா?"

"பாக்காது."

"ஏன்?"

"அவனவன் இடம் அவனவனுக்குத் தெரியும்னு நம்புது."

வைகுண்டத்துக்கு அது பெரிய வசதியாகப் பட்டது. கணக்குப் போடுவதற்கென்று ஒரு பொது அலமாரி செய்தார். த்ரெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து அங்கே இடம் மாறிப் போகும், கணக்கை முடிக்கும், தன் அலமாரிக்குத் திரும்பிவிடும். மெமரி மிச்சம். வேகமும் கூடியது. பெட்டி பறந்தது.

"எங்க கம்பெனியில இதுக்குன்னு ஒரு டீமே வச்சிருந்தோம்" என்றார். குரலில் கொஞ்சம் கெத்து இருந்தது.

மாடியில் இன்னொரு வழக்கம் உண்டு. நிரலை எழுதியவர் தானே கட்டிலில் படுக்க வேண்டும். ஹாலில் சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பச்சைத் திரை. கிளிப்பை மாட்டிக்கொண்டு படுத்து ஒரு தூக்கம் போட வேண்டும். விழித்திருக்கும் உடம்பு ஒரு மாதிரி, தூங்கும் உடம்பு வேறு மாதிரி என்பார் பொன்மணி. எழுதியவர் தூங்கி எழாமல் எந்தப் பெட்டியும் படியிறங்கியதில்லை.

அன்று காலை வைகுண்டம் இரண்டாம் கட்டிலில் படுத்தார். அவருடைய எல்லையை அறுபதில் வைத்தார்கள். சோதனைத் துணைக்கு நான்காம் கட்டிலில் இசக்கியம்மாள். பெட்டிகளுக்கு ஒயர் பூட்டுகிறவள். மாவட்ட அளவில் ஓட்டப்பந்தயம் ஓடியவள். ஓடிப் பழகிய நெஞ்சு ஓய்வில் மெதுவாகத்தான் துடிக்கும் என்பதால் அவளுக்கு மட்டும் எல்லை நாற்பது.

"சார், குறட்டை விட்டா மிஷின் கத்துமா?" என்றாள் இசக்கி, திரைக்கு அந்தப்பக்கமிருந்து.

"அதுக்குத் தனி மிஷின் செய்யணும்."

படுத்த கொஞ்ச நேரத்தில் வைகுண்டம் அசந்துவிட்டார். நாள்கணக்காகத் தூக்கம் கெட்ட உடம்பு. புரண்டு படுத்தபோது கிளிப் கழன்று விழுந்ததும், பொன்மணி வந்து எடுத்து மாட்டிவிட்டதும் அவருக்குத் தெரியாது.

விழித்தபோது மேலே வெள்ளைக் கூரை. சுற்றிலும் பச்சைத் திரை. கீழே தெருவில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெட்டியை ஏற்றிப்போக வந்த வேன்.

"மேடம், பிழை ஏதும் வந்துதா?"

"மிஷின் என்ன சொல்லுதுன்னு பாருங்க." திரைக்கு வெளியே பொன்மணியின் குரல்.

கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் பொருத்தியிருந்த சின்ன ஸ்க்ரீனைத் தட்டிப் பார்த்தார். பிழை இல்லை என்று வரிவரியாக ஓடியது. பார்க்கவே இதமாக இருந்தது.

"இல்லை மேடம். அப்ப அனுப்பிடலாம்லா?"

"தப்பு இல்லைன்னு யாரு சொல்லுதா சார்?"

"த்ரெட்டுதான் சொல்லுது. தப்பு நடந்தா அதோட அலமாரியில எண் விழும். பூச்சியம்தான் இருக்கு."

வெளியே செருப்புச் சத்தம் திரைக்கு அருகே வந்தது.

"சார், அப்படியே கண்ண மூடிக்கிடுங்க."

மூடினார்.

"உங்க சீட்டு எந்தப் பக்கம்? கையக் காட்டுங்க."

காலையில் படுக்கும்போது கால்மாட்டில், ஜன்னலோரமாக இருந்தது. வைகுண்டம் கால்பக்கம் கையை நீட்டினார்.

"சரியாக் காட்டுதீங்களா?"

"இதுல என்ன மேடம் இருக்கு. சரிதான்."

"சந்தேகம் ஏதும்?"

"இல்லை."

"திரும்ப ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? என் சீட்டு எனக்குத் தெரியாதா?"

திரை விலகும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். அவருடைய விரல் பாத்ரூம் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலும் நாற்காலியும் தலைக்குப் பின்னால் இருந்தன.

நான்காம் கட்டிலில் இசக்கி போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

வைகுண்டத்துக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தார்.

"நான் தூங்கையில கட்டிலத் திருப்பிட்டீங்க."

"ஆமா."

"கீழ வேன் வந்து நிக்கு மேடம். இது விளையாடுத நேரமா? தூங்குதவனத் திருப்பி வச்சா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பிறகென்ன?"

"தெரியலைன்னு நீங்க சொல்லலையே சார். சந்தேகமே இல்லைன்னுல்லா சொன்னீங்க."

பொன்மணி டீ போடப் போய்விட்டார். அந்த மாடியில் டீ போடுவது குருவின் வேலை. மற்றவர்கள் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

வைகுண்டம் கட்டில் விளிம்பில் ஒரு காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். கோபம் இன்னும் இறங்கவில்லை. வயசுக்காவது மரியாதை வேண்டாமா என்று மனசுக்குள் ஒரு பாட்டம் பொருமினார். கண் தலைமாட்டு ஸ்க்ரீனுக்குப் போயிற்று. பிழை இல்லை. பிழை இல்லை. பிழை இல்லை.

அந்தப் பூச்சியம் எந்த அலமாரியிலிருந்து வருகிறது என்று அப்போதுதான் யோசித்தார்.

தொங்கிய காலைத் தரையில் ஊன்றினார்.

த்ரெட்டிடம் கேட்டால் அது தன் அலமாரியைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்லும். தன் அலமாரி என்று அது நினைக்கும் அலமாரியை. அங்கே பூச்சியம் இருந்தால், பிழை இல்லை என்று சத்தியம் செய்யும்.

கிளிப்பைக் கழற்றிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். பெட்டியிடம் எதையும் கேட்கவில்லை. ஓடும் நிரலைப் பிரித்துப் பார்க்கும் டீபக்கரைப் போட்டு, வெளியே நின்றபடி, இரண்டாம் கட்டில் த்ரெட்டின் ரிஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். பிறகு மற்றக் கட்டில்களுடையதை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பவும் இரண்டுக்கு வந்தார்.

இசக்கி பின்னால் வந்து நின்றாள். "என்ன சார், பேய் அடிச்ச மாதிரி இருக்கீங்க?"

"நான் உன் அலமாரியில இருக்கேன்."

"என்ன சார்?"

"ரெண்டாம் கட்டிலும் நாலாம் கட்டிலும் ஒரே அலமாரியக் காட்டுது. உன்னோடத."

"ஆனா ஸ்க்ரீன்ல உங்க பேருதான இருக்கு?"

"பேர வேற ஒரு பகுதி எழுதுது. பேரு மாறல. எல்லைதான் மாறியிருக்கு. என் நாடி நாப்பதுக்குப் போற வரைக்கும் இது வாயத் திறக்காது."

இசக்கியின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "எப்படி சார் என் அலமாரிக்கு வந்தீங்க?"

வைகுண்டம் தன் நிரலை மேலும் கீழுமாக ஓட்டினார். தேட அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடித்த பிறகு அதை வாய்விட்டுச் சொல்லத்தான் நேரம் எடுத்தது.

"இடம் மாறுததுக்கு முன்னாடி, திரும்பி வர வேண்டிய விலாசத்த எழுதி வச்சுட்டுத்தான் போனேன்."

"எங்க வச்சீங்க?"

"என் அலமாரியில."

இசக்கி யோசித்தாள். "போன பிறகு அந்த அலமாரியத் திறக்க முடியாதுல்லா சார். போன இடத்துல இருக்கதுதான உங்க அலமாரி?"

"ஆமா."

"பிறகு காலையிலெல்லாம் எப்படிச் சரியா வந்துது?"

காலையில் சரியாக வந்ததற்குக் காரணம் இருந்தது. வழக்கமாக ஒரு த்ரெட் பொது அலமாரிக்குப் போகுமுன், தன்னுடையதில் இருப்பதையெல்லாம் அங்கே நகலெடுத்துக்கொள்ளும். விலாசமும் நகலோடு சேர்ந்து போய்விடும். ஆனால் கிளிப் கழன்று திரும்ப மாட்டினால் அது அவசரம். ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்று அந்த வழியில் மட்டும் வைகுண்டம் நகலெடுப்பதை விட்டுவிட்டார். இன்றைக்கு அப்படி ஒருமுறை நடந்திருப்பதைப் பெட்டியின் பதிவு காட்டியது. அவசரத்தில் போன இரண்டாம் கட்டில், பொது அலமாரியைத் தன்னுடையது என்று நம்பித் திறந்தது. அதற்கு முன்னால் வந்துபோன நான்காம் கட்டிலின் விலாசம் அதில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு சந்தேகமும் இல்லாமல் நான்காம் கட்டிலின் வீட்டுக்குப் போய்க் குடியிருந்தது.

"கையில வச்சுட்டே போயிருந்தாப் போதும்" என்றார் வைகுண்டம். "ஒரு வரி. அதை அலமாரியில வைக்காம, கையில."

"ஒரு வரின்னா இப்பவே மாத்திடலாம்லா சார்?"

"மாத்தலாம். மாத்துனா நான் திரும்பத் தூங்கி எந்திரிக்கணும்."

கீழே ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது.

வைகுண்டம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒரு வரியை மாற்றிவிட்டு, காதும் காதும் வைத்த மாதிரி ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பையும் கூட்டிக்கொண்டே அவர் படியிறங்கினார். கடைசிப் படி வரைக்கும் அது கூடவே வந்தது.

வேன் ஓட்டுநர் மைதீன் அவரைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார். "ஏத்திரலாமா சார்?"

"இல்லண்ணே. எங்க மிஷின் இன்னும் ரெடியாகல. நீங்க கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்கு நான் பேசிக்கிடுதேன்."

"என்ன சார், அங்க வார்டைத் தொடச்சு வச்சுட்டுக் காத்துக் கெடக்காங்க." தலையைச் சொறிந்தார். "சரி. மொதலாளி நீங்களே சொல்லிட்டா பிறகென்ன."

"நான் மொதலாளி இல்ல. தப்புப் பண்ணுன ஆளு."

மைதீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மேலே வந்தபோது பொன்மணி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு தம்ளரோடு நின்றார்கள். இசக்கி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"வேன அனுப்பிட்டேன் மேடம்."

"சரி."

"தப்பு என்னோடது."

"என்ன தப்பு?"

சொன்னார். அலமாரி, விலாசம், அவசர வழி, எதையும் விடவில்லை. பொன்மணி தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார்.

"முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"இதெல்லாம் தெரியாது. கிளிப்ப மாட்டுன பிறகு, தூக்கத்துல உங்க நாடி அறுபதுக்குக் கீழ இறங்குச்சு. தூங்குத ஆளுக்கு அது சகஜந்தான். ஆனா பெட்டி கத்தியிருக்கணும். கத்தல. அது மட்டும் தெரியும்."

வைகுண்டம் இரண்டாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். இங்கே தூங்கியது அவர் என்பதால் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி போயிருந்தால், அந்த ஆஸ்பத்திரி வார்டில் இன்றைக்கு இரவு ஒரு நோயாளி படுத்திருப்பார். கூட வந்தவர்கள் பெட்டியை நம்பிக் கண்ணயர்ந்திருப்பார்கள்.

"வெளிய ஒரு காவல் த்ரெட்டு வைக்கட்டா மேடம்? எவனாவது இடம் தப்பினா அதுவே திருப்பி வச்சிரும்."

"முடியாது. அந்த சிஸ்டம் கால், கூப்பிடுதவன் இடத்த மட்டுந்தான் மாத்தும். அடுத்தவன் இடத்தத் தொடாது."

"அப்ப காவல் வச்சு என்ன பிரயோசனம்?"

"நீ மாறிக் கெடக்கன்னு சொல்லலாம்லா. திரும்புதது அவன் வேலை."

பொன்மணி ஒரு தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். வைகுண்டம் எடுக்கவில்லை. காபி கொடுத்து அனுப்பியவர்களின் ஞாபகம் வந்தது.

"நாளைக்கு நான் வரவா, வேண்டாமா?"

பொன்மணி ஆறிய டீயைக் குடித்தார்.

போவது என்றாகிவிட்டால் வாயை எதற்குக் கட்டிவைக்க வேண்டும் என்று வைகுண்டத்துக்குத் தோன்றியது. வழக்கமான முணுமுணுப்புதான். இன்றைக்குச் சத்தமாகவே வந்தது.

"ஒண்ணு கேக்கேன் மேடம். என் கட்டில நீங்க திருப்புனீங்க. நான் தப்பாக் காட்டினேன். நீங்க சொன்னதால தெரிஞ்சுது. சரி. இந்த மாடியில நீங்க எதச் சொன்னாலும் எல்லாரும் சரிங்காங்க. உங்க கட்டில யாராவது திருப்பிட்டா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தம்ளர்கள் அப்படியே நின்றன. இசக்கி தரையைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றார் பொன்மணி.

எழுந்து போய்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"எதுக்கு எடுத்தீங்கன்னு முத நாள் கேட்டீங்கல்லா சார். இதுக்குத்தான்."